காவிரி முடியும் கரைக்கு இரண்டு ராத்திரி

இளம்பிள்ளையில் திருக்கடையூருக்குப் போய்வராத குடும்பம் குறைவு. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று வருஷத்துக்கு ஒரு வேனாவது எங்கள் தெருவிலிருந்து கிளம்பும். ராத்திரி ஏறி, விடியற்காலையில் இறங்கி, கோயிலில் மாலை மாற்றி, மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அன்றைக்கே ஊர் திரும்பிவிடுவார்கள். அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் போனால் தரங்கம்பாடிக் கடல். அதைப் பார்க்காமலே வந்துவிடுகிற ஜனம், கடல் பார்க்கும் ஆசை வந்தால் மட்டும் கன்னியாகுமரிக்கோ கோவாவுக்கோ டிக்கெட் தேடுகிறது.

குடும்பத்தோடும், தறிக்கூடத்து ஆட்களோடும் பலமுறை அந்தக் கரையைச் சுற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். சேலம், நாமக்கல் பக்கத்து மனிதர்கள் முதலில் பார்க்கவேண்டிய கடல், பிச்சாவரத்திலிருந்து தரங்கம்பாடி வரை நீளும் அந்தத் துண்டுக் கரைதான். மேட்டூரில் நிரம்பி, பூலாம்பட்டி, குமாரபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் என்று நம் ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிற ஆறு கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டாமா? ஆடிப் பதினெட்டுக்கு நாம் கும்பிடுகிற தண்ணீர் அங்கேதான் உப்பாகிறது.

முதலில் காலம். தீபாவளிச் சரக்கு கைவிட்டுப் போனதும் தறிக்காரர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். உடனே கிளம்பலாம் என்று தோன்றும். அப்போது போகாதீர்கள். நமக்கு ஐப்பசி மழை இரண்டு நாள் தூறிவிட்டு ஓய்ந்துவிடும். அந்தக் கரைக்கு வடகிழக்குப் பருவமழைதான் வருஷத்தின் பெரிய மழை. புயல் சின்னம் என்று வானொலியில் சொன்னாலே படகை நிறுத்திவிடுவார்கள். மார்கழி பாதி வரை வானம் நம்பும்படி இருக்காது. தை பிறந்து, காணும் பொங்கல் கூட்டமும் கலைந்த பிறகு, மாசிக் கடைசி வரை அருமையான காலம். காலையில் லேசான குளிர், பகலில் தாங்கக்கூடிய வெயில், ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர், இரண்டு பக்கமும் அறுவடை வயல். சித்திரையில் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் சாப்பிடும் ஆசையோடு போனால் வரத்து குறைவாக இருக்கும், விலையும் ஏறியிருக்கும்.

சேலத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம், விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள். ராத்திரிப் பயணம் வேண்டாம். ஓட்டுநருக்கும் தூக்கம் முக்கியம், வழியில் பார்க்கவும் நிறைய இருக்கிறது. ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் காடு, அதைத் தாண்டினால் கரும்பு, சேத்தியாத்தோப்பை நெருங்கினால் நெல். மண்ணின் நிறம் மாறுவதைக் குழந்தைகளுக்குக் காட்டிக்கொண்டே போகலாம். வீராணம் ஏரி அங்கே பக்கத்தில்தான். பராந்தக சோழன் காலத்து ஏரி, இன்றைக்குச் சென்னைக்குக் குடிநீர் தருகிறது. அதில் நிற்பதும் கொள்ளிடம் வழியாக வந்த காவிரித் தண்ணீர்தான்.

முதல் ராத்திரி சிதம்பரத்தில் தங்குவது நல்லது. எல்லா வசதிக்கும் அறை கிடைக்கும், நடராஜர் கோயிலைச் சாயங்காலம் நிதானமாகப் பார்க்கலாம், சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிடலாம். மறுநாள் காலை எழுந்ததும் பிச்சாவரம். சுமார் பதினைந்து கிலோமீட்டர், நகரப் பேருந்தும் உண்டு.

பிச்சாவரத்துக்குப் பத்து மணிக்குமேல் போகவே போகாதீர்கள். விடுமுறை நாளில் படகுத்துறையில் வரிசை நீளும், தலைக்குமேல் வெயில் கொளுத்தும். முதல் படகுக்கு நில்லுங்கள். விசைப்படகு, துடுப்புப் படகு இரண்டும் இருக்கும். விசைப்படகு அகலமான கழியில் ஒரு சுற்று காட்டிவிட்டுத் திரும்பிவிடும். இன்ஜின் சத்தத்தில் பறவையும் நிற்காது. துடுப்புப் படகுதான் சுரபுன்னைக் கிளைகள் தலைக்குமேல் கூடி நிற்கும் குறுகலான வாய்க்காலுக்குள் நுழையும். ஒரு தடவை படகோட்டி அண்ணனிடம், “எந்த நேரம்ணே நல்லா இருக்கும்?” என்று கேட்டேன். “தண்ணி ஏறுற நேரமா பாத்து வாங்க தம்பி. வத்திடுச்சுன்னா வேரு நல்லா தெரியும், ஆனா உள்ள போவ முடியாது” என்றார். ஆகவே டிக்கெட் வாங்கும்போதே ஏற்றமா வற்றமா என்று கேட்டுவிடுங்கள்.

சுமார் 1,100 ஹெக்டேர் பரப்புள்ள காடு அது. வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் நடுவில் கிடக்கிறது. சேற்றில் மூச்சுவிட முடியாத வேர்கள் தண்ணீருக்குமேல் நிமிர்ந்து நிற்பதை அங்கே கைநீட்டும் தூரத்தில் பார்க்கலாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரமும் இங்கே இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய தொல்லை, குழந்தைகளைக் கிளை ஒடிக்க விடாதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரும் சேதத்திலிருந்து தப்பின. கூட வந்த பெரியவர்களுக்கு ‘இதயக்கனி’ படப்பிடிப்பு நடந்த இடம் என்று சொல்லுங்கள், முகம் மலர்ந்துவிடும். பிளாஸ்டிக் பையும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் தயவுசெய்து படகில் ஏறக்கூடாது. அந்த வேர்களில் ஒரு பை சிக்கினால் அதை எடுப்பார் யாரும் இல்லை.

சிதம்பரத்திலிருந்து சீர்காழிக்குப் போகும் வழியில் கொள்ளிடம் பாலம் வரும். அங்கே சற்று மெதுவாகப் போகச் சொல்லுங்கள். முக்கொம்பில் பிரிந்த நம் ஆற்றின் பெரிய பாதி இதுதான். வெள்ளம் வந்தால் அது போகிற பாதை. மிச்சம் இருப்பது கல்லணையில் வெண்ணாறு என்றும் கால்வாய்கள் என்றும் பிரிந்து, வயல் வயலாகப் பாய்ந்து, கடைசியில் பூம்புகாருக்கு வரும்போது ஒரு சின்ன ஓடை அளவுக்கு இளைத்திருக்கும். மேட்டூரில் 120 அடி தண்ணீரைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு அது சங்கடமாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டுப் பெரியம்மா அந்த முகத்துவாரத்தில் நின்று, “இத்தனையும் குடுத்துட்டுத்தான் வந்து சேர்ந்திருக்கா” என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பூம்புகாரில் எல்லாரும் 1973-இல் திறந்த ஏழு நிலைச் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்த்துவிட்டு, கடலில் கால் நனைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கலைக்கூடம் அவசியம் பார்க்க வேண்டும். கண்ணகி கதையைச் சுவரில் சிற்பமாகப் பார்த்த பிள்ளைகள் அப்புறம் பாடப்புத்தகத்தில் படிக்கும்போது அது வேறு மாதிரி மனத்தில் பதிகிறது. ஆனால் அதோடு நிற்காதீர்கள். கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறையும், பல்லவனேசுவரத்தில் பௌத்த விகாரையின் அடித்தளமும் பக்கத்திலேயே இருக்கின்றன. பெரிய கோபுரம் எதுவும் இருக்காது, வெறும் செங்கல் வரிசைதான். துணி ஏற்றுமதியை நம்பிப் பிழைக்கிற ஊர்க்காரர்கள் நாம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் சரக்கு ஏற்றிய துறைமுக நகரத்தில் நிற்கிறோம் என்ற நினைப்போடு பாருங்கள். எனக்கு அந்தச் செங்கல் வரிசை கலைக்கூடத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

குளிப்பதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் கிணற்றிலும் வாய்க்காலிலும் நீச்சல் பழகியவர்கள். அந்தத் தைரியத்தில் கடலுக்குள் இறங்கிவிடுவார்கள். கிணற்றுத் தண்ணீர் இழுக்காது. கடல் காலுக்கடியில் மணலோடு சேர்த்து இழுக்கும். ஆறும் கடலும் சேரும் இடத்தில் ஆழம் நாளுக்கு நாள் மாறும், கொட்டியிருக்கும் பாறாங்கற்கள் வழுக்கும். முழங்காலுக்குமேல் இறங்க வேண்டாம். இன்றைக்குக் கடல் எப்படி என்று வலை காயவைத்துக்கொண்டிருக்கும் மீனவரிடம் கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இன்னொன்று, நம் வீட்டுப் பெண்கள் வெளியூர் என்றாலே பட்டுச்சேலையை எடுத்து வைப்பார்கள். கடற்கரைக்குப் பருத்திதான் சரி. உப்புத் தண்ணீர் பட்ட சரிகை கறுத்துப்போகும் என்பதை நெய்கிறவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இரண்டாம் ராத்திரி தரங்கம்பாடியில் தங்குங்கள். அறை குறைவு, முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் திருக்கடையூரில் விடுதிகள் நிறைய உண்டு. ஆனால் விடியற்காலையில் கடற்கரையில் இருப்பதுபோல் திட்டமிடுங்கள். நமக்கு மலைக்குப் பின்னால் சூரியன் மறைவதுதான் பழக்கம். அங்கே தண்ணீரிலிருந்து எழுந்து வரும். பௌர்ணமியை ஒட்டிப் போனால் சாயங்காலம் நிலாவும் அதே இடத்திலிருந்து வரும். அதற்காகவே தேதி பார்த்துக் கிளம்பலாம்.

ஊருக்குள் நடந்துதான் பார்க்க வேண்டும், வண்டியை வாசலிலேயே விட்டுவிடுங்கள். 1792-இல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்தால் ராஜா வீதி நேராகக் கடலுக்குப் போகிறது. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620-இல் இடம் வாங்கி டென்மார்க்காரர்கள் கட்டிய டான்ஸ்பர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. மிளகுக்கும் துணிக்கும் வந்தவர்கள். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 1706-இல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1718-இல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் அதே வீதியில் இருக்கிறது. படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த ஒரு வீதிக்காகவே கூட்டிப்போகலாம்.

கோட்டைக்கு வடக்கே, அலை தொடும் தூரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. கல்லைக் கொட்டித்தான் மிச்சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடத்தில் அரைமணி நேரம் சும்மா உட்காரலாம் என்றால் இங்கே உட்காருங்கள்.

மீன் சாப்பாட்டுக்குப் பெரிய ஓட்டலைத் தேட வேண்டாம். மீனவர் வீட்டுப் பெண்கள் நடத்தும் சின்னக் கடையில் அன்றைக்கு வந்த மீன் என்ன என்று கேட்டு அதையே வாங்குங்கள். நமக்கு அணை மீன் கட்லாவும் ரோகுவும் பழக்கம். சங்கராவும் கொடுவாவும் வேறு ருசி.

நாகூர், வேளாங்கண்ணி, கோடியக்கரை எல்லாவற்றையும் இதே பயணத்தில் சேர்த்து அடைக்கப் பார்க்காதீர்கள். வேனுக்குள்ளேயே பொழுது போய்விடும். அதற்கு இன்னொரு வருஷம் தனியாகப் போகலாம். அப்படிப் போகும்போது வேதாரண்யத்தை விட்டுவிடக்கூடாது. 1930 ஏப்ரல் 13 அன்று சுமார் 100 தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கி, மாதக் கடைசியில் அங்கே உப்பு அள்ளிக் கைதானவர் ராஜாஜி. சேலத்தில் வக்கீலாக இருந்து, சேலம் நகரசபைத் தலைவராகவும் இருந்தவர். அந்த நடைக்கு வழிப்பாட்டு எழுதித் தந்தவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. அகத்தியம்பள்ளியில் நினைவுத் தூண் இருக்கிறது. சேலம், நாமக்கல் பிள்ளைகளை அங்கே ஒரு தடவை கூட்டிப்போய் நிறுத்தி இதைச் சொல்லுங்கள்.