மீன் தொட்டியில் மட்டி

பாலகாட் போன்ற மேட்டுநிலத் தங்கவயல் ஊரில் பள்ளித் தொட்டிக்குக் கடல் மட்டி பொருந்தாது. இலட்சத்தீவுப் பவளத்திட்டுப் பெருமட்டியோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது. ஏரிகளில் வாழும் நன்னீர் மட்டியே தக்கது.

தொட்டியின் அடியில் மென்மணலைத் தடிப்பாகப் பரப்பி, மட்டியை அதன்மீது கிடத்தினால் போதும். அது தன் காலால் தானே புதைந்துகொள்ளும். கூரிய சரளை ஆகாது. மட்டி நீரை வடித்து நுண்பாசியை உண்பதால், விந்தையாயினும், மிகத் தெளிந்த நீரில் பட்டினியால் மாளும். ஆதலின் பச்சை படர்ந்த ஏரிநீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்தல் வேண்டும். மீன்நோய்க்கு மயில்துத்தம் இடுமுன் மட்டியை அகற்றுக. செம்பு அதற்கு நஞ்சு.

மணலுள் இறந்த மட்டி கண்ணுக்குப் புலப்படாமல் அழுகி, நீரைக் கெடுத்து மீன்களையும் கொல்லக்கூடும். நாள்தோறும் மெல்லத் தொட்டுப் பார்த்தல் நலம். ஓடு மூடிக்கொண்டால் உயிருண்டு. பிளந்தே கிடப்பின் உடனே எடுத்துவிடுக.