பெரியப்பாவின் பதில்

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்காலில் நின்றால் ஜெபம் வரவில்லை, கோபம்தான் வருகிறது என்று எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளையை அடக்கம்பண்ணி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கோபம் வராவிட்டால்தான் நான் பயந்திருப்பேன்.

ஜெபக்கூட்டத்தில் ஒருவர், உனக்கு விசுவாசம் போதாது, எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல் என்றாராமே. அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடு. யோபுவின் சிநேகிதர்கள் செய்த ஒரே நல்ல காரியம், ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான். திறந்தபிறகு பேசியதெல்லாம் கேட்கப் பக்தியாகத்தான் இருந்தது. கடைசி அதிகாரத்தைப் பார். கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல் மூண்டது. பிறந்த நாளையே சபித்து, அவரோடு வழக்காடிய யோபுவின் பேச்சைத்தான் அவர் சரியென்றார்.

88ம் சங்கீதத்தை வாசி. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்காவது ஓரிடத்தில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்று கவனி. பதில் வராதபோதும் அதைப் பாடியவன் இரவும் பகலும் முறையிடுவது கர்த்தரிடமேதான், வேறு யாரிடமும் போகவில்லை. விசுவாசம் என்று நான் சொல்வது இதைத்தான். உன் கோபத்தையும் அவரிடமே கொண்டு போ. மார்த்தாளும் மரியாளும், நீர் இங்கே இருந்திருந்தால் எங்கள் சகோதரன் செத்திருக்கமாட்டானே என்று இயேசுவின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவர் கண்டிக்கவில்லை. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும், அவர்களோடு அழுதார்.

நம் டோனாவூர் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மாவை உனக்குத் தெரியும். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. 1951 ஜனவரியில் கண்மூடும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் அறையும் படுக்கையும்தான். அவர்களுக்காக ஜெபிக்க ஆளில்லாமலா போயிற்று? சுகமாயிருப்பவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதும் ஆறுதல் புத்தகங்கள் தன்னைத் தொடவில்லை என்று அந்த அம்மாவே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் படுக்கையிலிருந்தபடியே, படுக்கையில் கிடப்பவர்களுக்குத் தாங்களே புத்தகங்கள் எழுதினார்கள். அந்தப் புத்தகங்களுக்காகத்தான் கால் முறிந்தது என்று காரணம் கட்டுகிறவர்கள் உண்டு. நான் கட்டமாட்டேன். மாப்பிள்ளை போனதற்கும் என்னிடம் காரணம் இல்லை. காரணம் தெரியாமலே கர்த்தரைப் பிடித்துக்கொண்டிருக்கலாம் என்பதற்கு அந்த அம்மா போதும்.

ஜெபம் வராத நாளில் ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசி, அது போதும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதை விடாதே. பாட முடியாவிட்டால் சும்மா உட்கார்ந்திரு, பக்கத்தில் இருப்பவர்கள் உனக்கும் சேர்த்துப் பாடட்டும். திருவிருந்துக்கு மட்டும் எழுந்து போ. அழுகை வந்தால் பிள்ளை முன்னால் மறைக்காதே. அப்பாவுக்காக அம்மா அழுவது அவனுக்கும் தெரியட்டும்.

வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் போகவேண்டும் என்று எழுதியிருந்தாய். தனியாகப் போகாதே. புதன்கிழமை காலை நான் வருகிறேன், இறப்புச் சான்றிதழையும் குடும்ப அட்டையையும் எடுத்துவை. பெரியம்மாவும் வருகிறாள், ஒரு வாரம் இருப்பாள். அடுப்படியை அவளிடம் விட்டுவிட்டு நீ கொஞ்சம் தூங்கு.

அன்புடன்,
உன் பெரியப்பா