வாய்ச்சுகமும் பராமரிப்போர் கடனும்

பல்வலியைச் சொல்ல வல்லார் அதற்கு மருந்தும் தேடிக்கொள்வர். மூளைவளர்ச்சி குன்றிப் பிறந்தோர் பலர்க்கு அவ்வாற்றல் இல்லை. உணவை மறுத்தலும் கன்னத்தில் அடித்துக்கொள்ளுதலுமே அவர்தம் மொழி. புதுக்குடியிருப்பிலும் அயற் கிராமங்களிலும் இத்தகைய பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பேணும் பெற்றோர்க்கும், அவர்க்கு அயலவராகிய எம் பழைய மாணவர்க்கும் பயன்படுமாறு இச்சிறு பாடத்தை எழுதலானோம்.

முரசு அழல்வது எதனால்? பல்லும் முரசும் கூடுமிடத்திற் கிருமிகள் படலமாய்ப் படிவதனால். டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பாரும் உடனாய்வாளரும் 1965இல் வெளியிட்ட ஆய்வில், சுகதேகிகள் 12 பேர் பல் துலக்காதிருந்தனர். 10 முதல் 21 நாட்களுள் அனைவர்க்கும் முரசு அழன்றது. மீண்டும் துலக்கவே தணிந்தது. டவுன் நிலையுடையார்க்கு அழற்சி விரைந்து முற்றும். வலிப்புக்கு வழங்கும் பெனிற்றோயின் முரசைத் தடிக்கச் செய்வதுமுண்டு. எனினும் யாவர்க்கும் முதற்காவல் துலக்குதலே.

அழன்ற முரசினின்று கசியும் நீர் உமிழ்நீரிற் கலக்கும். ஆதலின் அழற்சியின் அடையாளப் பொருள்களை ஆய்வாளர் உமிழ்நீரிலேயே அளக்கின்றனர். ஊசி வேண்டாத இம்முறை பேச்சற்றோர்க்கு இதமானது. வீட்டில் நாம் காணத்தக்க அடையாளமோ முரசிற் கசியும் இரத்தம். அதனைக் கண்டு துலக்குதலை நிறுத்துவது பெரும்பிழை. வாய்நீர் வடியும் பிள்ளைக்கு வாய் தானே தூய்மையுறும் என்பதும் பிழை. பெரும்பாலும் விழுங்க இயலாமையே வடிதற்குக் காரணம்.

பிள்ளையைக் கதிரையில் இருத்திப் பின்னே நின்று, தலையை நம் மார்பிற் சாய்த்து, மென்மையான தூரிகையாற் காலையிலும் படுக்குமுன்னும் துலக்குக. புளோரைட்டுப் பற்பசை கடலையளவு போதும். துப்ப இயலாதார்க்கு அரிசியளவே. வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது, வைத்தியரைக் கேட்க. வலி தோன்றும்வரை காத்திராது, அரசாங்க வைத்தியசாலைப் பல்வைத்தியரிடம் காலந்தோறும் காட்டுக.

இறுதியாக ஒன்று. 1940களின் பிற்பகுதியில் சுவீடனின் விப்பஹோல்ம் மருத்துவமனையில் மனவளர்ச்சி குன்றியோர்க்குப் பல்லில் ஒட்டும் தொபி ஊட்டப்பட்டது. சீனி பல்லைச் சிதைக்கும் விதம் அதனாற் தெளிவாயிற்று. அவர் தம் சம்மதம் தெரிவிக்க வல்லவரல்லர். பயன் உலகத்தார்க்கு, சிதைந்த பற்கள் அவர்க்கு. நாம் இன்று பெற்றுள்ள பல்லறிவில் ஒரு பகுதி அவர் தந்தது. அக்கடனைத் தீர்க்க நமக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. காலையும் இரவும் சில நிமிடமும், பொறுமையுள்ள ஒரு கையுமே வேண்டும்.