நெடுநாள் உழைக்கும் வண்டி

மாணவர்களே, திருப்பூரில் பின்னல் பொறி ஒன்று இயங்குவதை உங்களுட் பலர் கண்டிருப்பீர்கள். வட்ட உருளையைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஊசிகள் ஏறி இறங்க, நூல் துணியாகிக் கீழே இறங்கும். அத்துணியில் நெடுக ஒரு கோடு விழுமாயின், பழகிய தொழிலாளி நூலை மாற்றுவதில்லை. பொறி முழுவதையும் பிரிப்பதுமில்லை. கோடு எந்த ஊசிக்கு நேராக விழுகின்றது என்று நோக்கி, வளைந்த அவ்வூசியை மட்டும் மாற்றுவார். குறியைக் கண்டு காரணத்தைத் தேடுதல், காரணத்தை அறிந்த பின்னரே கைவைத்தல் என்னும் இம்முறை, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பல்லாண்டு பேணி வருவோர்க்கும் இன்றியமையாதது.

கொங்கு நாட்டில் இக்கலைக்கு முன்னோடி ஒருவர் இருந்தார். கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு பிறந்த ஜி. டி. நாயுடு அவர்களே அவர். ஆங்கில அதிகாரி ஒருவர் தம் ஊருக்கு ஏறி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்த அவ்விளைஞர், கோவையில் உணவு விடுதி ஒன்றில் வேலை செய்து பொருள் சேர்த்து, அவ்வண்டியை விலைக்கு வாங்கினார். ஏறி உலா வருவதோடு அவர் அமையவில்லை. அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்து மீண்டும் பூட்டினார். பள்ளியில் பயிலாத பொறியியலை அவ்வண்டியே அவருக்குக் கற்பித்தது. பின்னர்த் திருப்பூரில் பருத்தித் தொழிலில் ஈடுபட்ட அவர், 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார்.

இன்று நம் சாலைகளில் ஓடும் பழைய வண்டிகளுள் பெரும்புகழ் உடையது ‘புல்லட்’. இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்சும் 1955இல் கூடி, என்பீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தை அமைத்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970இல் இங்கிலாந்தில் அத்தொழில் முடிவுற்றது. தாய் மறைந்த பின்னும் சேய் தழைத்தது; 1977இல் சென்னைப் புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. அவ்வண்டியின் இரும்புச் சிலிண்டர் எஞ்சின் பல பத்தாண்டுகள் பெரிதும் மாறாமல் வந்தது. ஆகவே, பாட்டனார் வாங்கிய வண்டியைப் பேரன் ஓட்டுதல் இயலாத செயலன்று.

ஆயினும், அவ்வாறு ஓட்ட விரும்புவோர் பலர், பேணுதல் என்பது ஓயாமல் திருகுதல் எனக் கருதுகின்றனர். பழைய வண்டிகள் மூப்பினால் கெடுவதைக் காட்டிலும் பொறுமையற்ற கைகளால் கெடுவதே மிகுதி என்பது எம் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். பின்னற்கூடத்தின் அருகே நாள்தோறும் நிறுத்தப்படும் வண்டியின் காற்று வடிகட்டியில், தூசியோடு பஞ்சிழைகளும் படியும். காற்று உட்புகும் வழி குறுகும். பெட்ரோல் கலவை செறிவுறும். வண்டி திணறும், கரும்புகை கக்கும். உடையவர் உடனே திருப்புளியை எடுத்துக் கார்புரேட்டரின் திருகைத் திருப்புகின்றார். நின்ற நிலையில் எஞ்சின் சற்றே சீராக ஓடுகின்றது. ஆனால் அத்திருகு ஆள்வது நின்ற நிலை ஓட்டத்தை மட்டுமே. சாலையில் விரைந்ததும் பழைய திணறல் மீள்கின்றது. இப்போது பழுது ஒன்றன்று, இரண்டு! முன்னர் அவர் பிளக்கைக் கழற்றிப் பார்த்திருப்பாராயின், அதன் முனையில் படிந்த உலர்ந்த கரி உண்மையை உரைத்திருக்கும். உலர்ந்த கரி மிகுந்த பெட்ரோலைக் காட்டும். எண்ணெய்ப் பசையுள்ள கருமை, எண்ணெய் மேலேறுவதைக் காட்டும். வெண்மை, பெட்ரோல் குறைந்து சூடு மிகுந்ததைக் காட்டும். பிஸ்கட்டு நிறம் நலத்தின் அறிகுறி. மருத்துவர் நாவைப் பார்ப்பது போன்றதே இது.

எண்ணெய் பற்றியும் இவ்வாறே பிழை நேர்கின்றது. புல்லட்டின் எண்ணெய், கிராங்கு சுழலும் அறையில் தங்குவதன்று; அதே வார்ப்பினுள் அடுத்துள்ள தனியறையில் இருக்கும். ஒரு பம்பு அதனை எஞ்சினுக்கு அனுப்ப, மற்றொன்று திரும்பக் கொணரும். வண்டி பல வாரம் நின்றால், எண்ணெய் மெல்லக் கசிந்து கிராங்கு அறையில் சேரும். அப்போது அளவுக் குச்சியை எடுத்துப் பார்ப்பவர், எண்ணெய் குறைந்துவிட்டது என்று எண்ணி மேலும் ஊற்றுவார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கசிந்த எண்ணெயும் திரும்பி வர, அளவு மீறிப் பொங்கும். சிறிது நேரம் ஓட்டிய பின்னரே அளவு பார்த்தல் வேண்டும்.

இனி டேப்பட்டுக்கு வருவோம். வால்வுகளைத் திறக்கும் தண்டுகளின் நீளத்தை, சிலிண்டரின் அடிப்புறத்தில் உள்ள மூடியைக் கழற்றிச் சரிசெய்யலாம். வால்வு மூடியிருக்கும் நிலையில், தண்டு விரலால் எளிதிற் சுழல வேண்டும்; ஆனால் மேலும் கீழும் ஆடலாகாது. எஞ்சின் நன்கு குளிர்ந்திருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும். ஏன்? எஞ்சின் சூடேறினால் சிலிண்டர் நீளும். தண்டுக்குத் தளர்வு உண்டாகும். அத்தளர்வைச் சூட்டிலேயே நீக்கிவிட்டால், குளிர்ந்து சுருங்கும்போது தண்டு இறுகி வால்வைத் தூக்கி நிறுத்தும். வாயு கசியும், வண்டி கிளம்பாது, நாளடைவில் வால்வும் கருகும். சூட்டில் கேட்கும் சிறு ‘டக் டக்’ ஒலியைப் பொறாதவர் வாங்கிக்கொள்ளும் துன்பம் இது.

மின்பொறியை உண்டாக்கும் பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். கண்ணளவு இங்கே உதவாது. இடைவெளி அளக்கும் தகடே வேண்டும். ஹெட்லைட்டின் மேற்புறத்தில் அமைந்த ஆம்பியர் மீட்டரோ, விலையில்லா ஆசான். சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயிண்ட் மூடியுள்ளபோது முள் ஒருபுறம் சாயும். திறந்ததும் நடுவுக்கு மீளும். கிக்கர் இறுகும் இடத்தில், அழுத்தம் தளர்த்தும் சிறு கைப்பிடியைப் பிடித்துப் பிஸ்டனை உச்சியினின்றும் சற்றே கடக்கச் செய்து, பின்பு முழுமையாக உதைத்தால் வண்டி எளிதிற் கிளம்பும். இதனை அறியாது வலிமையை மட்டும் நம்புவோரைக் கிக்கர் திருப்பி உதைப்பதுண்டு. கணுக்கால் முறியவும் கூடும்.

செயின், பிரேக் ஆகியவற்றிற்கு நீண்ட விளக்கம் வேண்டுவதில்லை. செயின் எங்கும் ஒரே அளவாகத் தேயாதாதலின், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, மிக இறுகிய இடத்திலேயே தளர்வை அளக்க வேண்டும். பிரேக்கைச் சரிசெய்தபின், நெரிசல் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிச் சோதித்த பின்னரே சாலையில் ஏறுக. எஞ்சின் நின்றால் வழியில் நிற்போம். பிரேக் பிழைத்தால் நம் உயிரோடு பிறர் உயிரும் போகும்.

துடைப்பதற்குத் துணி தேடி அலைய வேண்டாத ஊர் நம் திருப்பூர். மெக்கானிக் கடைகளில் கையைத் துடைக்க உதவுவது பனியன் வேஸ்ட்டே. ஆனால் கழற்றிய பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுதல் கொடிது. சாயக் கழிவால் நொய்யல் பட்ட பாட்டையும், 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டதையும் இவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வெண்ணெயை ஒரு கலத்தில் சேர்த்து, முறைப்படி பெற்றுக்கொள்வோரிடம் கொடுத்தல் வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல், மாற்றியதை நாளும் கிலோமீட்டரும் இட்டுக் குறிப்பேட்டில் எழுதுதல் ஆகிய இரண்டும் தேர்ந்தவர் வழக்கம். பிளக்கையும் கார்புரேட்டரையும் பாயிண்ட்டையும் ஒரே மாலையில் மாற்றியவருக்கு, வண்டி தேறினாலும் எதனால் தேறிற்று என்பது விளங்காது. கெட்டாலும் எதனால் கெட்டது என்பது விளங்காது. வேலை முடிந்த இரவில் வண்டியின் அடியில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் அதன்மேல் எண்ணெய்த் துளி எந்த இடத்தில் விழுந்திருக்கின்றது என்று பாருங்கள். அடுத்து எந்த நட்டைச் சோதிக்க வேண்டும் என்பதை அத்துளியே காட்டிவிடும்.