சிறையில் கருவுறுகிறார்களா?

“ஜெயிலுக்குள்ள போய் எப்படி டாக்டர் முழுகாம ஆகுறாங்க?” கண்ணைச் சிமிட்டிக்கொண்டே கேட்பவர்கள் குறைந்தபாடில்லை. படித்தவர்கள்தான் அதிகம்.

2024 பிப்ரவரியில் கிளம்பிய புரளி. மேற்கு வங்கச் சிறைகளில் பெண்கள் காவலில் இருக்கும்போதே கருவுறுகிறார்கள், 196 குழந்தைகள் அங்கே இருக்கின்றன என்று கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் சொன்னார். சிறையில் குழந்தை இருப்பதும் சிறையில் கருவுறுவதும் ஒன்றா? 6 வயது வரையுள்ள பிள்ளையைத் தாய் உடன் வைத்துக்கொள்ளலாம். உச்ச நீதிமன்றத்துக்குப் போன அறிக்கை வேறு கதை சொன்னது: 4 ஆண்டுகளில் பிறந்தவை 62, தாய்மாரில் பெரும்பாலோர் கர்ப்பத்தோடு உள்ளே வந்தவர்கள், சிலர் பரோலில் போய்த் திரும்பியவர்கள். அதை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை.

“உள்ளே வந்தபோது டெஸ்ட்டில் இல்லையென்று வந்ததே?” என்ற கேள்வியும் வரும். கரு உண்டான முதல் பத்து நாளில் சிறுநீர்ச் சோதனை எதையும் காட்டாது. நாங்கள் வாரக் கணக்கைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து போடுகிறோம். கரு உண்டாவதோ அதற்கு ஏறக்குறைய 2 வாரம் கழித்து. முதல் ஸ்கேனையே எட்டாம் மாதத்தில் எடுத்தால் கணக்கு 3 வாரம் முன்பின் ஆகும். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டா ஒருத்தி மேல் பழி போடுகிறீர்கள்?

காவலில் வன்கொடுமை நடக்காது என்று சொல்லவில்லை. சிறை ஊழியர் அதைச் செய்தால் சட்டத்தில் குறைந்தது 10 ஆண்டு. சந்தேகமிருந்தால் புகார் கொடுங்கள், கிசுகிசு பேசாதீர்கள்.

மற்ற புரளிகள் சில்லறை. கர்ப்பிணிக்கு ஜாமீன் தானாக வந்துவிடுமாம். வராது, பெண் என்பதற்காகத் தரலாம் என்கிறது சட்டம், தந்தே தீர வேண்டும் என்று இல்லை. பிறப்புச் சான்றிதழில் ‘சிறை’ என்று இருக்குமாம். கூடாதென்று 2006-லேயே ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரசவத்தையும் கூடியவரை வெளியில்தான் பார்க்க வேண்டும்.

உள்ளே ராஜ வைத்தியமாம்! கைதிகளில் பெண்கள் நூற்றுக்கு நாலு பேர். பெரும்பாலோர் இருப்பது ஆண்கள் சிறையின் ஒரு மூலையில், தனித் தடுப்புக்குள். பெண் டாக்டர் வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும்.

நான் ஓயாமல் கேட்பது வேறு. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 57 சதவீதப் பெண்களுக்கு ரத்தசோகை. சிறைக்கு வருகிறவர்கள் அதற்கு விலக்கா? சேர்க்கும்போதே ஹீமோகுளோபின் பாருங்கள். மாதவிலக்குத் தேதியைக் கேட்டு எழுதுங்கள். நாள் தள்ளியிருந்தால், அவள் சம்மதத்தோடு, 3 மாதத்துக்குள் ஸ்கேன் எடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் அன்றைக்கே தொடங்கலாம்; அதற்குக் கோர்ட் உத்தரவு வேண்டியதில்லை.