பிளாஸ்டிக் புழு வார்ப்போம், அடக்கவிலையும் பார்ப்போம்

தூண்டில் இரையை விழுங்குவது மீன். ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்குவது மனிதன். எனவே இரை செய்து விற்க நினைப்பவர் இரண்டு பேரைத் திருப்திப்படுத்த வேண்டியிருக்கிறது. கடையில் தொங்கும்போது அது மனிதனின் கண்ணைப் பிடிக்க வேண்டும். தண்ணீரில் விழுந்ததும் மீனை ஏமாற்ற வேண்டும். முதலாவது மாத்திரம் நடந்தால் ஒரு தடவை விற்கும். இரண்டும் நடந்தால் அதே வாடிக்கையாளர் மறுபடியும் வருவார்.

இந்த வாரம் நாம் எடுத்துக் கொள்வது, மென்மையான பிளாஸ்டிக்கில் புழு, சிறுமீன், இறால் போன்ற வடிவங்களில் வார்க்கப்படும் பொய் இரைகளை வீட்டிலேயே தயாரிக்கும் தொழில். களப்பில் கொடுவாவுக்கும் கடலில் பாரைக்கும் இவ்வகை இரை போடுவோர் நம் நாட்டிலும் உண்டு. ஆயினும் இது ஒரு பெரும் சிறுகைத்தொழிலாக வளர்ந்தது அமெரிக்காவில்தான். ஒரு மேசையளவு இடத்தில், சிறு முதலோடு ஆரம்பிக்கும் தொழில் எப்படி வளர்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதைப் படிக்க இது நல்லதொரு பாடம். சவர்க்காரம், மெழுகுவர்த்தி, இனிப்புப் பண்டம் என்று வீட்டில் எதை உற்பத்தி செய்பவருக்கும் இப்பாடம் பொருந்தும்.

சமையலறையில் பிறந்த வியாபாரம்

1949 ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள அக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவரும் அவரது மனைவி கொஸ்மாவும் வீட்டுச் சமையலறை அடுப்பில் பிளாஸ்டிக்கை உருக்கி, உண்மையான மண்புழுவின் உருவில் ஒரு புழுவை வார்த்தெடுத்தார்கள். அதுவரை பொய் இரை என்றால் பெரும்பாலும் மரம், உலோகம், இறகு அல்லது விறைப்பான இறப்பர். கையில் எடுத்தால் நெளியும் மென்மையான புழு சந்தைக்குப் புதிது. அதனைத் தபால் மூலம், ஐந்து புழு ஒரு டொலர் என்று விற்றார்கள். தெற்கு மாநிலங்களின் நீர்த்தேக்கங்களில் பாஸ் மீன் பிடிப்போர் மத்தியில் கேள்வி பெருகியது. பிற்காலத்தில் அந்தத் தொழில் வாடிக்கையாளர்களைத் தேடி டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகருக்கே இடம் மாறியது.

அவருக்குப் பின்னர் வந்தவர்களில் அலபாமா மாநிலத்து டொம் மான் என்பவர் பழ வாசனை சேர்த்த 'ஜெலி வேர்ம்' என்னும் புழுவினால் பெயர் பெற்றார். 1990களில் கெரி யமமோட்டோ 'சென்கோ' என்ற இரையை அறிமுகப்படுத்தினார். பார்த்தால் வெறும் பென்சில் துண்டு போல இருக்கும். காலும் இல்லை, வாலும் இல்லை. ஆனால் பிளாஸ்டிக்கோடு நிறைய உப்புச் சேர்த்திருப்பதால் பாரமாகி, தானாகவே இரு முனைகளும் மெல்ல நடுங்கியபடி கீழே இறங்கும். அந்த நடுக்கம்தான் மீனை இழுக்கிறது. பின்னர் எத்தனையோ பேர் அதே வடிவத்தில் போலி செய்தார்கள். வடிவத்தைப் பார்த்து எடுக்கலாம். உப்பின் அளவையும் மென்மையின் பதத்தையும் பார்த்து எடுக்க முடியாது. ஒரு பொருளின் பெறுமதி கண்ணுக்குத் தெரியாத இடத்திலேயே அதிகம் இருக்கிறது என்பதற்கு இது சாட்சி.

மூலப்பொருளும் முறையும்

இதன் மூலப்பொருள் பிளாஸ்டிசோல் எனப்படும் பால் போன்ற வெள்ளைத் திரவம். பீ.வீ.சி. பிளாஸ்டிக்கின் மிக நுண்ணிய தூளை, மென்மையாக்கும் எண்ணெய் போன்ற திரவத்தில் கலந்து தயாரிக்கிறார்கள். வைத்திருந்தால் தூள் அடியில் படியும். ஆகவே ஒவ்வொரு தடவையும் எடுக்குமுன் நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காமல் மேலாக ஊற்றி எடுத்தால் முதல் தொகுதி மிக மென்மையாகவும் கடைசித் தொகுதி கட்டியாகவும் வந்து சேரும்.

சூடாக்கும்போது திரவம் முதலில் களி போலத் தடிக்கும். அனுபவமில்லாதவர் இந்தக் கட்டத்தில் 'பழுதாகிவிட்டது' என்று விட்டுவிடுவார். தொடர்ந்து கிளறிச் சூடாக்கினால் ஏறக்குறைய 175 பாகை செல்சியஸில் அது தெளிந்து, தேன் போல் ஓடத் தொடங்கும். அதுவே வார்க்கும் பதம். நிறமும் மினுக்கத் தூளும் உப்பும் சேர்த்து உடனே அச்சில் ஊற்ற வேண்டும். சூடு குறைந்தால் வால் போன்ற மெல்லிய பகுதிகளை அது சென்றடையாது. சூடு கூடினால் மஞ்சளாகி, பின்னர் கருகும். எனவே கண் மதிப்பு போதாது. வெப்பமானி ஒன்று கட்டாயம் வேண்டும்.

அச்சுகள் பல வகை. பிளாஸ்டர் ஒப் பாரிஸ் அச்சு மலிவானது, வீட்டிலேயே செய்யலாம். ஆனால் நன்றாக உலர்த்தி, மேற்பரப்பைப் பூச்சுப் பூசி மூட வேண்டும். சிலிக்கோன் அச்சிலிருந்து இரை இலகுவாகக் கழன்று வரும். அலுமினிய அச்சு விலை கூடியது. ஆனால் நீண்ட காலம் உழைக்கும், ஒவ்வொரு இரையும் ஒரே அளவில் வரும். திறந்த அச்சில் ஊற்றினால் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். முழு உருண்டை வடிவம் வேண்டுமாயின் இரு பாதி அச்சைப் பூட்டி, பெரிய சிரிஞ்ச் போன்ற கருவியால் உட்செலுத்த வேண்டும்.

முதலில் கைப்பழக்கம் பெற விரும்புபவர், கிழிந்துபோன பழைய பிளாஸ்டிக் இரைகளைச் சேர்த்து உருக்கி வார்த்துப் பார்க்கலாம். செருப்பு, பொலித்தீன் போன்ற வேறு பிளாஸ்டிக்குகள் இதற்கு உதவா. சில நிறுவனங்களின் இழுபடும் தன்மை கூடிய இரைகள் பீ.வீ.சி. அல்லாத வேறு வகையில் செய்யப்படுகின்றன. அவற்றையும் இதனுடன் கலக்கக் கூடாது.

வீட்டாரின் நலன் முதலில்

இங்கேதான் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். பீ.வீ.சி. கருகினால் ஐதரசன் குளோரைட் என்ற அமில வாயு வெளியாகும். அது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், நுரையீரலுக்குக் கேடு. ஆகவே கதவு யன்னல் மூடிய சமையலறையில் இவ்வேலை வேண்டாம். காற்றோட்டமுள்ள வெளிக் கொட்டிலில், வாயுவுக்கேற்ற சுவாசக் கவசம், பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை, நீளக் கை ஆடை ஆகியவற்றுடன் செய்ய வேண்டும். சாதாரண துணி முகக்கவசம் வாயுவைத் தடுக்காது.

இரண்டாவது ஆபத்து தண்ணீர். ஈரமான அச்சிலோ ஈர உப்பிலோ இந்தச் சூடான திரவம் பட்டால் நீர் ஆவியாகிக் கொதிதிரவம் மேலே தெறிக்கும். தோலில் ஒட்டிக்கொண்டு எரியும் என்பதால் இது கொதிநீரைவிட மோசமானது. பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். இதற்குப் பாவித்த பாத்திரமும் மைக்ரோவேவ் அடுப்பும் மீண்டும் உணவுக்குப் பயன்படக் கூடாது. கிரீம் தம்பதி சமையலறையில் செய்தார்களே என்று கேட்க வேண்டாம். அன்று தெரியாதவை இன்று நமக்குத் தெரியும்.

நட்டம் ஒளிந்திருக்கும் இடம்

இனி வியாபாரிகளுக்கான முக்கிய பகுதிக்கு வருவோம். விளங்கிக் கொள்வதற்காக மாத்திரம் சில கற்பனைத் தொகைகளை எடுத்துக் கொள்வோம்.

ஒரு லீற்றர் திரவத்தின் விலை 4,000 ரூபா என்போம். ஒரு புழுவுக்கு 8 மில்லிலீற்றர் செல்கிறது. ஆகவே ஒரு லீற்றரில் 125 புழு. ஒரு புழுவின் செலவு 32 ரூபா. எட்டுப் புழு கொண்ட பக்கற்றின் செலவு 256 ரூபா. அதைக் கடைக்கு 350 ரூபாவுக்குக் கொடுத்தால் 94 ரூபா இலாபம். வீட்டு உற்பத்தியாளர் பலர் போடும் கணக்கு இதுதான்.

இப்போது முழுக் கணக்கைப் பார்ப்போம். 125 இல் காற்றுக் குமிழி விழுந்தவை, வால் அறுந்தவை என 13 ஐக் கழித்தால் மிஞ்சுவது 112. அதாவது 14 பக்கற். செலவுகள் வருமாறு:

திரவம் 4,000 ரூபா
நிறம், மினுக்கம், உப்பு 300 ரூபா
உறையும் லேபளும், பக்கற்றுக்கு 25 ரூபா வீதம் 350 ரூபா
எரிபொருள் 150 ரூபா
அச்சின் தேய்மானம் (15,000 ரூபா அச்சு, 100 தொகுதிகளுக்கு) 150 ரூபா
நான்கு மணி நேர உழைப்பு, மணிக்கு 300 ரூபா வீதம் 1,200 ரூபா

மொத்தம் 6,150 ரூபா. 14 ஆல் வகுத்தால் ஒரு பக்கற்றின் அடக்கவிலை ஏறக்குறைய 439 ரூபா. 94 ரூபா இலாபம் என்று நினைத்த இடத்தில் உண்மையில் 89 ரூபா நட்டம்!

"உழைப்பு என்னுடையதுதானே, அதற்கு ஏன் கூலி?" என்று சிலர் கேட்பார்கள். சரி, கூலியை நீக்கிப் பார்ப்போம். 4,950 ஐ 14 ஆல் வகுத்தால் 353 ரூபாவுக்கு மேல் வருகிறது. இலவசமாக உழைத்தும் ஒவ்வொரு பக்கற்றிலும் மூன்று ரூபாவுக்கு மேல் கையை விட்டுப் போகிறது. விற்பனை கூடக் கூட நட்டமும் கூடும். கையில் காசு புரள்வதால் அது உடனே தெரியாது. அடுத்த முறை திரவம் வாங்கக் காசு போதாமல் போகும்போதுதான் தெரியவரும்.

கணக்கில் வரி என்றொரு வரிசையும் இருக்கிறது. அமெரிக்காவில் 1950 ஆம் ஆண்டின் சட்டமொன்றின்படி தூண்டில் இரை உற்பத்தியாளர் தமது விற்பனை விலையில் 10 சதவீதத்தை வரியாகச் செலுத்த வேண்டும். அப்பணம் மீன் வளத்தைப் பேணும் வேலைகளுக்குச் செல்கிறது. வீட்டுக் கொட்டிலில் வார்த்து விற்பவருக்கும் இதில் விலக்கில்லை. விலை நிர்ணயித்த பின்னர் இதனை அறிபவர், தமது இலாபத்தை அப்படியே அங்கே செலுத்த நேரிடும். நம் நாட்டிலும் எந்தப் பொருளை உற்பத்தி செய்தாலும், பதிவு, வரி, உள்ளூராட்சி அனுமதி ஆகியவற்றை விலை போடுவதற்கு முன்னரே விசாரித்துக் கொள்ள வேண்டும்.

ஒரே மாதிரி, ஒவ்வொரு முறையும்

இந்தத் தொழிலில் ஒரு நல்ல புழு வார்ப்பது கடினமல்ல. நூறாவது புழுவும் முதலாவது போல இருப்பதே கடினம். வாடிக்கையாளர் ஒரு பக்கற்றில் மீன் பிடித்துவிட்டு அதே நிறத்தை, அதே மென்மையைத் தேடி மீண்டும் வருவார். 'அது முடிந்துவிட்டது, இது கொஞ்சம் வித்தியாசம்' என்றால் அவர் பெரிய கம்பனியின் பொருளுக்குப் போய்விடுவார்.

இதற்கு வழி ஒரு கொப்பியும் ஒரு தராசும். திரவம் எவ்வளவு, நிறம் எத்தனை துளி, உப்பு எத்தனை கிராம், எந்தச் சூட்டில் வார்த்தது என்று ஒவ்வொரு தொகுதிக்கும் இலக்கமிட்டு எழுதி வையுங்கள். அந்த இலக்கத்தையே பக்கற்றிலும் இடுங்கள். முறைப்பாடு வந்தால் எங்கே தவறியது என்று கண்டுபிடிக்கலாம். நன்றாக விற்றால் அதையே மறுபடி செய்யலாம்.

பிறருடைய இரையை வாங்கி அச்செடுத்து விற்பது மிக இலகு. ஆனால் அது இன்னொருவரின் பதிவு செய்யப்பட்ட வடிவமாக இருந்தால் வழக்கில் முடியும். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கைத்தொழில் வடிவமைப்புகளுக்கும் வியாபாரக் குறிகளுக்கும் பாதுகாப்பளிக்கிறது. சொந்தமாக ஒரு வடிவத்தைக் கண்டவர், சந்தைக்கு விடுமுன் அதைப் பதிவதைப் பற்றி யோசிப்பது நல்லது.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

இந்த இரைகளை விற்பனைக்கு வைப்பவர்களும் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். இதிலுள்ள மென்மையாக்கும் திரவம் சில கடினமான பிளாஸ்டிக் பெட்டிகளைக் கரைத்துவிடும். கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகக் கிடந்தால் வெள்ளைக்கு நிறம் ஏறும். இரு வேறு வகை பிளாஸ்டிக் இரைகள் ஒன்றையொன்று தொட்டால் உருகி ஒட்டிக் கொள்ளும். எனவே அவை வந்த உறையிலேயே, வெயில் படாமல், மடங்காமல் வையுங்கள். வளைந்த புழு தண்ணீரில் நேராக ஓடாது; அதைத் திருப்பிக் கொண்டுவருபவர் உற்பத்தியாளரிடம் போகமாட்டார், உங்களிடம்தான் வருவார்.

கிழிந்த இரைகளை நீரில் வீசுவதால் வரும் கேட்டையும் மறக்கக் கூடாது. அவை உக்குவதில்லை, மீன்கள் விழுங்குகின்றன. 2013 இல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலச் சட்டசபையில் இவ்வகை இரைகளைத் தடை செய்யும் யோசனையே கொண்டுவரப்பட்டது. தடை நிறைவேறவில்லை. ஆயினும் கழிவைப் பொருட்படுத்தாத தொழில் ஒருநாள் சட்டத்துக்கு முகங்கொடுக்க வேண்டிவரும் என்பதற்கு அது எச்சரிக்கை. பழைய இரையைத் திருப்பித் தருபவருக்குச் சிறு விலைக்கழிவு கொடுத்தால் ஆறும் களப்பும் சுத்தமாகும். மறுபடி உருக்கக் கூடிய மூலப்பொருளும் கைக்கு வரும்.

இந்த வாரப் பயிற்சி

நீங்கள் புழு வார்க்காதவராக இருக்கலாம். உங்கள் வீட்டிலோ கடையிலோ உற்பத்தியாகும் ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக் கொள்ளுங்கள். கடைசியாகச் செய்த தொகுதியில் எத்தனை பழுதாகின? உறைக்கும் எரிபொருளுக்கும் எவ்வளவு போனது? நீங்களும் வீட்டாரும் எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள்? இம்மூன்றையும் ஒரு தாளில் எழுதி, மேலே காட்டியபடி அடக்கவிலையைக் கண்டுபிடியுங்கள். அதன் பிறகு நீங்கள் இப்போது விற்கும் விலையைப் பக்கத்தில் எழுதுங்கள். விலையைக் கூட்டுவதா, கழிவைக் குறைப்பதா, அந்தப் பொருளையே நிறுத்துவதா என்ற முடிவை அந்த இரண்டு இலக்கங்களையும் பார்த்து எடுங்கள்.