துண்டுப் பிரசுரம் அடிக்கும் முன் திண்ணையில் உட்காருங்கள்

நீலகிரியின் கூடலூர் பக்கம் பழங்குடிக் குடியிருப்புகளில் சுகாதாரப் பணிக்குச் சேர்ந்திருக்கிறீர்களா? அரிவாள் செல் சோகையைப் பற்றிப் பேசாமல் அங்கே வேலை செய்ய முடியாது. இந்தியாவில் இந்தக் குறைபாடு முதலில் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடியினரிடம்தான், 1952இல். இதை ஒழிக்க 2023இல் தொடங்கிய தேசிய இயக்கத்தின் இலக்கு ஆண்டு 2047. பரிசோதனைக் கருவியை அரசு தரும். மக்களின் நம்பிக்கையை நீங்கள்தான் சம்பாதிக்க வேண்டும்.

ஒரே பிரசுரம் போதாது. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர் என ஒவ்வொருவருக்கும் தனிப் பேச்சு, தனி வழக்கம் உண்டு. பணியர் மொழிக்குத் தனி எழுத்து கிடையாது. அங்கே அச்சைவிடப் பேச்சுக்கே பலம். என்ன சொல்வது, யார் சொல்வது என்பதை மூத்தவர்களோடும் பெண்களோடும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

கூலியைக் கெடுக்காதீர்கள். பகலில் கூட்டம் போட்டால் ஒரு நாள் கூலி போகும். அவர்களுக்குத் தோதான நேரத்தைக் கேட்டுப் போங்கள்.

உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவியுங்கள். 1990இல் தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை, பழங்குடி இளம்பெண்களையே பயிற்றுவித்துச் செவிலியராக்கியது. அவர்களுக்கு உரிய சம்பளம் கொடுங்கள். சும்மா துணைக்கு அழைக்காதீர்கள்.

பெற்றோர் இருவரும் நோயைக் கடத்தக்கூடியவர்களானால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதைக் கையால் காட்டுங்கள். அம்மா கையில் ஒரு சிவப்பு விதை, ஒரு வெள்ளை விதை. அப்பா கையிலும் அப்படியே. கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். இரண்டும் சிவப்பானால் குழந்தைக்கு நோய். ஒன்று மட்டும் சிவப்பானால் குழந்தை நோயைக் கடத்தக்கூடியவர், நோயாளி அல்ல. பிறகு விதைகளைத் திருப்பி வைத்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். நாலில் ஒன்று என்ற வாய்ப்பு ஒவ்வொரு பிரசவத்துக்கும் புதிதாக வருகிறது என்பது அப்போது விளங்கும். நாலு பிள்ளையில் ஒன்றுக்கு வந்துவிட்டது, மற்றவர்கள் தப்பித்தார்கள் என்ற தவறான நினைப்பும் போய்விடும்.

பரிசோதனை முடிவைக் கூட்டத்தில் வாசிக்காதீர்கள். அந்த ஒரு தாள் ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சையே நிறுத்திவிடலாம். தனியே, நிதானமாகச் சொல்லுங்கள்.

"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். "பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்? வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதை ஒரு பாட்டி தன் மொழியில், தன் சொல்லில் சொல்வார். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே குடியிருப்பில் உங்கள் பாடம் அந்த வாக்கியத்திலிருந்து தொடங்கட்டும்.